அறியப்படாத அட்டையும் மீளத் தொகுத்த கேர்னலும்

ஒரு பொருளை விலைகொடுத்து வாங்கியவன் அப்பொருளைப் பற்றிய அறிவையும் வாங்கியவனாகின்றானா? இவ்வினா கணனிக்கு முற்பட்டது. எனினும் அது மிகக் கூர்மையாக எழுந்த இடங்களுள் ஒன்று, பலரும் பொருட்படுத்தாத வலையமைப்பு அட்டையின் வரலாறாகும்.

இக்கட்டுரையாசிரியன் வரலாறு பயிலும் கலைப்பீட மாணவன். கணனி விஞ்ஞானத்தை முறையாகக் கற்றவனல்லன். ஒன்றுவிட்ட அண்ணர் ஒருவர் தந்த பழைய மடிக்கணனியில் லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையை நிறுவியபோது, அதன் கம்பியில்லா வலையமைப்பு அட்டை இயங்க மறுத்தது. விடுதியறையில் ஓரிரவு முழுவதும் விழித்திருந்து கேர்னலை மீளத் தொகுத்தபின், விடியற்காலையில் திரையில் ஒரு செய்தி தோன்றியது. அட்டை இனங்காணப்பட்டுவிட்டது, ஆயின் அவ்வட்டைக்குள் ஏற்றவேண்டிய நிரற்கோப்பைக் காணவில்லை. ஒரு பூட்டுத் திறந்தது. உள்ளே இன்னொரு பூட்டு இருந்தது. இவ்விரு பூட்டுகளும் எவ்வாறு வந்தன, எவரால் எந்த அளவுக்குத் திறக்கப்பட்டன என்பதை நோக்குவதே இக்கட்டுரை.

துறைசாராத வாசகர் பொருட்டுச் சில சொற்களை முதலில் விளக்குதல் தகும். கேர்னல் என்பது பணிசெயல் முறைமையின் உட்கரு. நினைவகத்தைப் பங்கிடுவதும், வன்பொருள்களோடு நேரடியாகப் பேசுவதும் அதன் பணி. ஒவ்வொரு வன்பொருளோடும் பேசுவதற்கெனக் கேர்னலில் அமைந்த பகுதி செலுத்தி எனப்படும். மனிதர் எழுதிய மூல நிரலை இயந்திரத்திற்கு விளங்கும் எண்களாக மாற்றுதல் தொகுத்தல். கடையில் வாங்கிய அட்டைக்குரிய செலுத்தி கேர்னலில் இல்லையெனின், அவ்வட்டை உலோகமும் பிளாத்திக்குமன்றி வேறன்று. செலுத்தியை எழுத இருவகை அறிவு வேண்டும். கேர்னல் எவ்வாறு அமைந்துள்ளது என்பது ஒன்று. அட்டையின் எந்தப் பதிவகத்தில் எந்த எண்ணை எழுதினால் என்ன நிகழும் என்பது மற்றையது. முதலாவதைப் பணிசெயல் முறைமையை ஆக்கியோரும், இரண்டாவதை அட்டையை ஆக்கியோரும் தம்வசம் வைத்திருந்தனர். முன்னர்க் கூறிய பூட்டுகள் இவையே.

1980களில் முதற்பூட்டே பலமாக இருந்தது. யுனிக்ஸ் முறைமையின் மூல நிரல் உரிமம் பெற்ற நிறுவனங்களுக்கே கிடைத்தது. பேக்லி பல்கலைக்கழகத்தார் 1983இல் வெளியிட்ட 4.2 பதிப்பு இணையத்தின் நெறிமுறைகளைத் தன்னகத்தே கொண்டிருந்தது; ஆனால் அதனைப் பெறுவதற்கும் ஏரி அன்ட் ரி நிறுவனத்தின் உரிமம் வேண்டியிருந்தது. வீட்டில் ஒரு சிறு கணனி வைத்திருந்தவருக்கு அது எட்டாக்கனி. இந்நிலையை எதிர்த்து எழுந்தவருள் முதன்மையானவர் றிச்சட் ஸ்ரோல்மன். மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தின் ஆய்வுகூடத்துக்கு வந்த அச்சுப்பொறி ஒன்றின் செலுத்தி நிரல் மறுக்கப்பட்டதே தமது எதிர்ப்பின் தோற்றுவாய் என அவர் கூறிவந்துள்ளார். கட்டற்ற மென்பொருள் இயக்கம் தன் தொடக்கக் கதையாகச் சொல்வதே ஒரு செலுத்தியின் கதை என்பது கவனிக்கத்தக்கது. அவர் 1983இல் அறிவித்த குனூ திட்டத்திலிருந்து 1987இல் ஒரு தொகுப்பான் வெளிவந்தது. தொகுப்பான் இல்லாதவனுக்கு மூல நிரல் இருந்தும் பயனில்லை. ஆகவே இவ்வாண்டை நான் இவ்வரலாற்றின் உண்மையான தொடக்கமாகக் கொள்வேன்.

1991இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் ரோவால்ட்ஸ் தமது 386 கணனியில் எழுதத் தொடங்கிய நிரல், முதலில் பணிசெயல் முறைமையாகவே கருதப்படவில்லை. வீட்டிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியே பல்கலைக்கழகக் கணனியோடு தொடர்புகொள்ளும் ஒரு முனையப் போலியாகவே அது பிறந்தது. பிறரோடு தொடர்புகொள்ளும் தேவையிலிருந்தே லினக்ஸ் தோன்றியது என்பதை அதன் வரலாற்றை எழுதுவோர் ஒரு சுவையான தகவலாக மட்டும் கூறிச் செல்கின்றனர்; அது அதனினும் மேலானது. 1992இல் இக்கேர்னல் குனூ பொது உரிமத்தின்கீழ் வந்தது. எவரும் படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பகிரலாம். முதற்பூட்டுத் திறந்தது. 1994 மார்ச்சில் 1.0 பதிப்பு வெளிவந்தபோது, வலையமைப்பு வசதி அதன் இன்றியமையாத பகுதியாகிவிட்டிருந்தது.

இனி அட்டைக்கு வருவோம். 1980களின் பிற்பகுதியில் நோவெல் நிறுவனம் தனது வலையமைப்பு மென்பொருளுக்குச் சந்தையை விரிக்கும் நோக்குடன் என்.ஈ. 2000 என்னும் மலிவான ஈதர்நெற் அட்டையை வெளியிட்டது. நஷனல் செமிகொண்டக்ரர் நிறுவனத்தின் 8390 வகைச் சில்லு அதன் இதயம். அச்சில்லின் பதிவகங்களை விளக்கும் ஏடு எவரும் பெறக்கூடியதாக இருந்தது. சில்லையும் ஏட்டையும் கொண்டு எண்ணற்ற சிறு உற்பத்தியாளர் அதே அட்டையைப் போலிசெய்து விற்றனர். பெயரற்ற போலிகளின் காலம் அது. ஐ.பி.எம். கணனியின் போலிகள் சந்தையை நிரப்பிய வழியிலேயே அட்டையின் போலிகளும் நிரப்பின. பல்கலைக்கழக மாணவனும் சிறு அலுவலகமும் வாங்கக்கூடிய விலையில் வலையமைப்புக் கிடைத்தமைக்கு இப்போலிகளே காரணம்.

லினக்ஸுக்கு இவ்வட்டையின் செலுத்தியை எழுதியவர் டொனால்ட் பெக்கர். அவர் எழுதிய ஆரம்பச் செலுத்திகள் சிலவற்றின் தலைப்பில், பதிப்புரிமை அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகவரகத்தின் பணிப்பாளர் சார்பில் ஐக்கிய அமெரிக்க அரசுக்குரியது, 1993 எனப் பொறிக்கப்பட்டுள்ளது. உலகின் மிக மறைவான நிறுவனங்களுள் ஒன்றின் பெயர், உலகின் மிக வெளிப்படையான நிரல்களுள் ஒன்றின் முகப்பில் அமைந்த இம்முரண் வரலாற்று மாணவனைப் புன்னகைக்க வைப்பது. அவர் செலுத்தி செய்தது இதுவே. கணனி எழும்போது, பதினறும எண்முறையில் 300, 280, 320, 340 முதலிய துறைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும். விடை கிடைத்தால், அட்டையில் பதிந்துள்ள பைற்றுகளுள் குறிப்பிட்ட இரண்டைப் படிக்கும். அவ்விரண்டிலும் 57 என்னும் குறி இருப்பின் அது என்.ஈ. 2000 எனக் கொள்ளும்.

இங்குதான் இடர் எழுந்தது. போலிசெய்தோர் எல்லோரும் அக்குறியைப் பொறிக்கவில்லை. மற்றெல்லாவற்றிலும் ஒத்திருந்தும், குறி இல்லாமையால் அவ்வட்டைகள் கேர்னலின் கண்ணுக்குத் தென்படாது போயின. இதற்கெனச் செலுத்தியின் மூல நிரலில் 'கெட்ட போலிகள்' என்று வெளிப்படையாகவே பெயரிடப்பட்ட ஒரு பட்டியல் சேர்க்கப்பட்டது. ஈதர்நெற் முகவரியின் முதல் மூன்று பைற்றுகள் உற்பத்தியாளரைக் குறிப்பன. அம்மூன்றையும் ஒரு பெயரையும் கொண்ட வரிகளே அப்பட்டியல். தன் அட்டை பட்டியலில் இல்லாதவன் செய்யவேண்டியது என்ன? மூல நிரலைத் திறந்து ஒரு வரியைச் சேர்த்தல். கேர்னலை மீளத் தொகுத்தல்.

மீளத் தொகுத்தல் இன்று போல எளிதன்று. எந்தெந்த வன்பொருள்கள் உள்ளன என நீண்ட கேள்விவரிசைக்கு ஆம், இல்லை என விடையளிக்கவேண்டும். 386 கணனியில் தொகுப்பு மணிக்கணக்கில் நீளும். புதிய கேர்னல் எழாதுபோனால் மீள்வதற்காகப் பழையதை நெகிழ்வட்டில் பத்திரப்படுத்த வேண்டும். இத்தனை இடரும் ஒரு வரியின் பொருட்டு. ஆனால், அந்த ஒரு வரியை எழுதியவன் அதைத் திருப்பி அனுப்பினால் அடுத்த பதிப்பில் அது எல்லோருக்கும் உரியதாகும். அப்பட்டியலை ஒரு வரலாற்று ஆவணமாகவே நான் வாசிக்கிறேன். கல்வெட்டில் தானமளித்தோர் நிரல் போன்று, அதன் வரிகளுக்குப் பின்னால் எங்கோ தன் அட்டையை இயக்க முயன்று விழித்திருந்தவர்களின் இரவுகள் உள்ளன. கல்வெட்டுப் போலன்றி அவர்தம் பெயர்கள் அங்கில்லை. அட்டையின் பெயர்களே உள்ளன.

இவ்வுரிமையின் மிகப் பெரிய பயன் விரைவிலேயே வெளிப்பட்டது. நாசாவின் கோடாட் விண்பறப்பு நிலையத்தில், பெக்கரும் தோமஸ் ஸ்ரேர்லிங்கும் 1994இல் 16 சாதாரண 486 வகைக் கணனிகளை ஈதர்நெற்றால் இணைத்து ஒரே கணிப்பொறியாக இயக்கினர். பழைய ஆங்கிலக் காவியமான பியோவுல்ஃப் அதற்குப் பெயராயிற்று. செக்கனுக்கு 10 மெகாபிற் செல்லும் ஒரு கம்பி அச்செயலிகளின் வேகத்துக்குப் போதவில்லை. எனவே ஒவ்வொரு கணனியிலும் ஒன்றுக்கு மேற்பட்ட அட்டைகளைப் பொருத்தி, அவற்றை ஒரே வழிபோல் கேர்னலை நடத்தச் செய்தனர். மூல நிரல் மூடப்பட்ட ஒரு முறைமையில், விற்றவரின் தயவின்றி இது இயலாது. மிகுபொருள் செலவிட்டே பெறக்கூடியதாயிருந்த கணிப்பாற்றல், மலிவுப் பொருள்களையும் திறந்த நிரலையும் கொண்டு எட்டப்பட்டது.

ஆயினும் இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். திறந்த மூல நிரலே இவ்வெற்றிக்குப் போதுமான காரணம் என்று கூறுவோர் உளர். அக்கூற்று அரைப்பகுதியே உண்மை. 8390 சில்லின் ஏடு மறைக்கப்பட்டிருந்தால் பெக்கரின் திறமையும் பட்டியலும் எவ்வாறாகியிருக்கும்? இரண்டாம் பூட்டு அங்குத் திறந்தே கிடந்தது. அதனால் அதன் இருப்பையே பலர் உணரவில்லை. கம்பியில்லா அட்டைகள் வந்தபோது உணர்ந்தனர்.

2000த்தின் பின்னர், மடிக்கணனிகளில் கம்பியில்லா அட்டைகள் பெருகின. அவற்றின் சில்லுகளை ஆக்கிய நிறுவனங்கள் பல, பதிவக விபரங்களை வெளியிட மறுத்தன. போட்டியாளர் அறிந்துவிடுவர் என்பது ஒரு காரணம். வானொலி அலையை மென்பொருளே கட்டுப்படுத்துவதால் அரச ஒழுங்குவிதிகள் மீறப்படலாம் என்பது மற்றொன்று. இக்காரணத்தை முற்றாகப் புறந்தள்ள முடியாதெனினும், பின்னர் இந்நிறுவனங்கள் சிலவே நிரலை வெளியிட்டபோது அதன் வலு குன்றியது. கேர்னலை எத்தனை தடவை தொகுத்தாலும், அட்டையோடு என்ன பேசுவது என்று தெரியாதவன் ஊமையே.

புறோட்கொம் நிறுவனத்தின் சில்லுகளுக்கு மேற்கொள்ளப்பட்ட முயற்சி இதில் தனிக்கவனத்துக்குரியது. ஒரு குழுவினர் நிறுவனத்தின் மூடிய செலுத்தியைப் பிரித்தாராய்ந்து, சில்லின் நடத்தையை விபரக்குறிப்பாக எழுதினர். அம்மூடிய நிரலைக் கண்ணாலும் பாராத வேறொரு குழுவினர், அக்குறிப்பை மட்டும் வைத்துப் புதிய செலுத்தியை ஆக்கினர். பதிப்புரிமை மீறல் என்னும் குற்றச்சாட்டு எழாதிருக்கவே இப்பிரிவினை. இம்முறை புதிதன்று. 1984இல் பீனிக்ஸ் நிறுவனம் ஐ.பி.எம். கணனியின் அடிப்படை நிரலுக்கு மாற்றை ஆக்கியது இவ்வழியே. போலிக் கணனிகளைச் சாத்தியமாக்கிய வணிக உத்தியை, இருபதாண்டுகளின் பின்னர் ஊதியமற்ற தன்னார்வலர் கையிலெடுத்தனர். அவர்தம் செலுத்தி 2006 ஜூனில் வெளியான 2.6.17 கேர்னலில் இடம்பெற்றது. இரு குழுக்களின் உழைப்பு செலவானது, அந்நிறுவனத்தின் பணிமனையில் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்த விபரங்களை மீளக் கண்டறிவதற்கே என்பதை எண்ணும்போது கசப்பே மேலிடுகிறது.

இக்காலத்தில் கட்டற்ற மென்பொருளாளரிடையே எழுந்த கருத்து முரண்பாடும் நோக்கத்தக்கது. ஓப்பன் பி.எஸ்.டி. முறைமையின் தலைவர் தியோ டி றாட், விபர ஏடுகள் நிபந்தனையின்றி வெளிவரவேண்டும் எனவும், இரகசிய உடன்படிக்கையில் எவரும் கையொப்பமிடலாகாது எனவும் வற்புறுத்தினார். இப்போராட்டத்துக்காக அவருக்குக் கட்டற்ற மென்பொருள் அமைப்பின் 2004ஆம் ஆண்டுக்குரிய விருது கிடைத்தது. மறுபுறம், லினக்ஸ் கேர்னலை ஆக்குவோருள் ஒருவரான கிரெக் குறோ-ஹார்ட்மன் 2007இல், நிறுவனங்கள் விரும்பின் இரகசிய உடன்படிக்கை செய்துகொண்டேனும் செலுத்திகளை இலவசமாக எழுதித் தருவோம் என அறிவித்தார். பின்னையது விரைவான பயன் தரவல்லது. எனினும் வரலாற்று மாணவன் என்ற முறையில் நான் முன்னையவர் பக்கமே நிற்பேன். குண்டலகேசியை நீலகேசி உரையிலும் புறத்திரட்டிலும் எஞ்சிய சில செய்யுள்களால் மட்டுமே நாம் அறிகின்றோம். காவியம் கைக்கு எட்டவில்லை. விபர ஏடு மறைந்திருக்கச் செலுத்தி மட்டும் வெளிவருதலும் அத்தகையதே. அதில் இந்த எண்ணை இங்கே எழுதுக என்றிருக்கும்; ஏன் எழுதவேண்டும் என்பதை அறிந்தவர் விலகிவிட்டால், அந்த எண் பொருள் விளங்காத வழக்காக நின்றுவிடும்.

நிறுவனங்களின் நிலைப்பாடும் மாறிற்று. அத்தெரோஸ் நிறுவனம் 2008இல் தன் சில்லுகளுக்குரிய மறைவான இடைநிரலின் மூலத்தை வெளியிட்டது. 2010 செப்ரெம்பரில் புறோட்கொம் நிறுவனமே தன் புதிய சில்லுகள் சிலவற்றுக்கான லினக்ஸ் செலுத்தியின் மூல நிரலை அளித்தது. அறநெறி உணர்ச்சியாலன்று, வழிப்படுத்தி, சேவையகம், கைபேசி என லினக்ஸ் பரவிய சந்தையை இழக்க எவரும் விரும்பவில்லை.

ஆனால் பூட்டு முற்றாகத் திறக்கவில்லை, உள்ளே நகர்ந்தது. அட்டை இப்பொழுது தனக்கென ஒரு சிறு செயலியைக் கொண்டது. அதில் இயங்கும் நிரலை உற்பத்தியாளர் தொகுத்த எண்களாகவே தருகின்றனர். செலுத்தி அதனை அட்டைக்குள் ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. என் மடிக்கணனி அன்று விடியலில் கேட்டது அத்தகைய கோப்பையே. அதை இரண்டாம் நாள் தேடிப்பிடித்து இட்டேன், அட்டை இயங்கியது. அக்கோப்பினுள் என்ன இருக்கிறதென்பது எனக்கு இன்றும் தெரியாது.

என்.ஈ. 2000 அட்டைகளோ கடைகளைவிட்டு மறைந்து நெடுங்காலமாயிற்று. ஆயினும் ஒரு கணனிக்குள் மற்றொரு கணனியை மென்பொருளாலேயே போலிசெய்யும் கியூஎமு என்னும் நிரலை ஆக்கியோர், தம் போலிக் கணனிக்கு ஒரு வலையமைப்பு அட்டை வேண்டியபோது இவ்வட்டையையும் எழுதிச் சேர்த்தனர். அதன் பதிவகங்கள் அனைத்தும் எவரும் படிக்கக்கூடிய ஏட்டில் இருந்தன.