சைக்கிளின் பார்

தமிழ்நாட்டில் நெடுங்காலம் சைக்கிள் என்றாலே ஒரே உருவம்தான்: கறுப்பு வண்ணம், 28 அங்குலச் சக்கரம், சீட்டிலிருந்து ஹேண்டில்பார் வரை தரைக்கு இணையாகச் செல்லும் ஓர் இரும்புக் குழாய். அந்தக் குழாயை மக்கள் ‘பார்’ என்றனர். யார் சைக்கிள் ஓட்டலாம் என்பதை அதன் உயரமே பெரும்பாலும் தீர்மானித்தது.

இவ்வடிவம் இங்கிலாந்தில் பிறந்தது. ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885-ல் வெளியிட்ட ரோவர் சைக்கிளிலிருந்து வளர்ந்து 1890-களில் நிலைபெற்றது. 1949-ல் முருகப்பா குழுமமும் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் இணைந்து தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், சென்னையை அடுத்த அம்பத்தூரில் ஹெர்குலிஸ் வண்டிகளைத் தயாரித்தது.

பெடல் அச்சிலிருந்து சீட் குழாயின் மேல்முனை வரை உள்ள நீளமே சட்டத்தின் அளவு. ஆண்கள் வண்டிகளில் 22, 24 அங்குலச் சட்டங்களே வழக்கம். 22 அங்குலச் சட்டத்தில் பார் தரையிலிருந்து சுமார் இரண்டே முக்கால் அடி உயரத்தில் இருக்கும். முன்ஃபோர்க்கும் சீட் குழாயும் நன்றாகச் சாய்ந்திருப்பதால் வண்டி நீளமானது. மேடுபள்ளச் சாலையில் குலுக்கல் குறையும், ஓட்டுபவர் நிமிர்ந்து உட்காரலாம். பெரிய சட்டத்தில் முன்குழாய் நீண்டு, முக்கோணம் அகன்று, வண்டி கம்பீரமாகத் தெரியும். அதே சக்கரத்தில் சட்டம் சிறுத்தால் முன்குழாய் குட்டையாகி வண்டி அமுங்கியதுபோல் இருக்கும். ஆகவே கால் எட்டாவிட்டாலும் பெரிய வண்டியை விரும்பியவர்கள் உண்டு. சீட்டை அடிவரை இறக்கியும் பாதி விரலால் பெடலைத் தேடியவர்கள் அவர்கள்.

சிறுவர்களுக்கு அந்த வழியும் இல்லை. பாருக்குக் கீழே, முக்கோணத்துக்குள் ஒரு காலை நுழைத்து, உடலை ஒருபக்கம் வளைத்து ஓட்டினார்கள். இதுவே ‘குரங்குப் பெடல்’. சட்டம் மனிதனுக்கு ஏற்ப அமையாதபோது மனிதன் சட்டத்துக்கு ஏற்ப வளைந்துகொண்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

சேலை கட்டிய பெண்களுக்குப் பார் இன்னும் பெரிய தடை. லேடீஸ் சைக்கிளில் அதைத் தாழ்த்திச் சரிவாக வைத்தார்கள். ஏறி இறங்குவது எளிதானது. ஆனால் முழு முக்கோணம் தந்த விறைப்பு குறைந்தது.

1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தால் எழுத்தறிவோடு சைக்கிளும் கற்பிக்கப்பட்டது. ஏராளமான கிராமப் பெண்கள் ஓட்டப் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள்களுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஆண்கள் சைக்கிளையே எடுத்தனர். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அங்கு சென்று எழுதியபோது, சிலர் அதையே விரும்பித் தேர்ந்தெடுத்ததைக் கண்டார். காரணம் எளியது: பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம்.