பட்சி தீர்த்தமும் பாவ்லவின் நாயும்

‘மக்களைப் பழக்கி வைத்திருக்கிறார்கள்’ என்று நம் கூட்டங்களில் சொல்லாதவர் இல்லை. சினிமா, தேர்தல், இலவசம் எதைப் பேசினாலும், மணியடித்தால் எச்சில் ஊறும் அந்த நாய் வந்து நிற்கிறது. அதை வசவாக்கும் முன் அதன் வரலாற்றைக் கொஞ்சம் பார்க்கணும். பீட்டர்ஸ்பர்க் வரை போக வேண்டாம். பொத்தேரியில் ரயிலேறி, செங்கல்பட்டில் இறங்கி பஸ் பிடித்தால் திருக்கழுக்குன்றம்.

அங்கே வேதகிரி மலைப் பாறையில் உச்சிவேளைதோறும் பூசகர் சர்க்கரைப் பொங்கலோடு உட்காருவார். கழுகுகள் இரண்டு வந்து தின்றுவிட்டுப் போகும். சாபம் பெற்ற முனிவர்கள் என்பது தலபுராணம். மஞ்சள்முகப் பாறு என்பது பறவையியல். ‘சோறு போட்டுப் பழக்கினது, அவ்வளவுதான்’ என்பது பகுத்தறிவு பேசுகிற நம்முடைய பதில். இந்த ‘அவ்வளவுதான்’ மேல்தான் என் சண்டை.

பாவ்லவுக்கு 1904-இல் நோபல் கிடைத்தது செரிமான ஆய்வுக்காக. வாயில் உணவு பட்டால் எச்சில் ஊறுவது கற்றுக்கொள்ளாத வினை. உணவுக்குச் சற்று முன் ஓர் ஒலி, திரும்பத் திரும்ப. பிறகு ஒலி மட்டுமே போதும். இதைத்தான் பாடநூல்கள் ஆக்கநிலையுறுத்தம் என்கின்றன. (மணியைவிட மெட்ரோனோம்தான் அந்த ஆய்வகத்தில் அதிகம் ஒலித்தது.) நமக்கு முக்கியம் வேறொரு சோதனை. முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை சோறு வைத்துவந்தால், எந்த ஒலியும் இல்லாமலே முப்பதாவது நிமிடத்தையொட்டி நாய்க்கு எச்சில் ஊறியது. காலமே அறிகுறியாகிவிட்டது.

மலையின் உச்சிவேளையை இப்படி வாசிக்கலாம். ஆனால் பறந்து வருவதும் எச்சில் ஊறுவதும் ஒன்றல்ல. வந்தால் சோறு, வராவிட்டால் இல்லை; இது தார்ண்டைக், ஸ்கின்னர் பேசிய கற்றல். வெயில் ஏற ஏற உடல் இரைக்குத் தயாராவது பாவ்லவ் பேசியது. இரண்டும் ஒரே பறவைக்குள் பின்னிக் கிடந்திருக்கணும்.

1968-இல் ரெஸ்கார்லா எலிகளை வைத்து இன்னொன்றைக் காட்டினார். ஒலியோடு மின்னதிர்ச்சி எத்தனை தரம் சேர்ந்து வந்தாலும், ஒலி இல்லாதபோதும் அதே அளவு அதிர்ச்சி வருமானால் எலி ஒலிக்குப் பயப்படக் கற்பதில்லை. சேர்ந்து வந்த எண்ணிக்கை அல்ல, ஒன்று மற்றதை முன்னறிவிக்கிறதா என்பதே கணக்கு. இயந்திரம் என்று நாம் திட்டிய பிராணி உலகத்தின் நம்பகத்தை அளந்துகொண்டிருந்தது. அப்படியானால் இலவச வரிசையில் நிற்கும் கூட்டத்தைப் பற்றிய நம் கேள்வியும் மாறணும். பழக்கியது யார் என்று மட்டும் கேட்டால் போதாது; வேறு எது அவர்களுக்குச் சொன்ன நேரத்தில் வந்து சேர்ந்தது?

சோறு நின்றால் கற்றது மெல்ல அடங்கும். அடியோடு அழியாது, சிறிது ஓய்வுக்குப்பின் தானே தலைதூக்கும் என்றும் பாவ்லவ் கண்டார். மலையில் நடந்தது வேறு. இல்லாமல் போனது பறவை. 1998-க்குப் பிறகு அவை வரவில்லை என்கிறார்கள். அந்த ஆண்டுகளில் இந்தியா முழுக்கப் பாறுகள் செத்து விழுந்துகொண்டிருந்தன. மாட்டுக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக் மருந்து, மாட்டின் பிணத்தைத் தின்ற பெரிய பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது என்று 2004-இல் தெரியவந்தது. 2006-இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். மஞ்சள்முகப் பாறும் அதற்குள் வெகுவாகக் குறைந்திருந்தது.