கலீலியோ எழுதிய ‘வேண்டும்’

எறிபொருள் கணக்கைக் கற்பிக்கும் எந்த ஆசிரியரும் முதலில் சொல்வது ஒன்றுதான்: திசைவேகத்தைக் கிடைத்தளக் கூறு, செங்குத்துக் கூறு என இரண்டாகப் பிரித்துக்கொள். அதன் பின் எஞ்சுவது எண்கணிதமே. ஆயின் அந்தப் பிரிப்பு மனித அறிவுக்கு எளிதில் வாய்த்ததன்று.

1537இல் வெனிஸில் வெளிவந்த நூலில் தார்தாலியா, பீரங்கிக் குண்டின் பாதையை நேர்கோடு, வட்டவில், மீண்டும் நேர்கோடு என மூன்று துண்டுகளாக வரைந்தார். (‘தார்தாலியா’ என்பது திக்குவாயர் எனப் பொருள்படும் பட்டப்பெயர், சிறுவயதில் படைவீரன் ஒருவனின் வாள்வெட்டு அவர் பேச்சைக் குலைத்திருந்தது.) 45 பாகையில் சுட்டால் குண்டு மிகத் தொலைவு செல்லும் என்பதை அவர் அறிந்திருந்தார். விடை சரி, வழி தவறு. விடைத்தாள் திருத்துவோருக்குப் பழகிய நிலைமைதான்.

கலீலியோவின் கையெழுத்துப் படிகளுள் 116ஆம் தாள் ஃபுளோரன்ஸ் தேசிய நூலகத்தில் உள்ளது. 1608ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படுவது. சாய்தளத்தில் உருண்டு வந்த பந்து மேசை விளிம்பிலிருந்து கிடையாகப் பாய்ந்து தரையில் விழுகிறது. தரையை அடையும் நேரம் எப்போதும் ஒன்றே. எனவே கிடைத்தள வேகம் குறையாது நிலைக்குமாயின், பந்து விழும் தொலைவு அது உருளத் தொடங்கிய உயரத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் வளர்தல் வேண்டும். 300 அலகு உயரத்துக்குத் தொலைவு 800. உயரம் 600 ஆனபோது பந்து 1172இல் விழுந்தது. அருகே கலீலியோ எழுதுகிறார்: முதல் அளவோடு பொருந்த 1131 ஆக இருக்க வேண்டும், வேறுபாடு 41. உயரம் 1000 எனில் விழுந்தது 1500, வேண்டியது 1460, வேறுபாடு 40.

மொழியியல் பயின்றவளாகிய என்னை அங்கே நிறுத்துவது ‘தொவெரியா’ என்னும் இத்தாலிய வினை. நம் ‘வேண்டும்’ போலவே கட்டாயத்தையும் எதிர்பார்ப்பையும் ஒருசேரச் சுமப்பது. கோட்பாடு கோரும் எண்ணையும் உலகம் தந்த எண்ணையும் அருகருகே வைத்து, இடைவெளியை அவர் மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார்.

1638இல் லெய்டனில் அச்சான நூலில் எறிபொருளின் பாதை பரவளையம் என வடிவியல் வழி நிறுவினார். இந்த எண்கள் அதில் இடம்பெறவில்லை. கலீலியோவின் சோதனைகள் பெரும்பாலும் மனத்தளவில் நிகழ்ந்தவையே என்று அலெக்சாந்தர் கொய்ரே போன்ற பேரறிஞர் வாதிட முடிந்தது அதனாற்றான். ஸ்டில்மன் டிரேக் அத்தாளை வெளியிட்டது 1973இல். அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே கொய்ரே மறைந்துவிட்டார்.