குதிரை இலாயத்தில் குரங்குக்கு என்ன வேலை?

காயமுற்ற குதிரைக்கு மருந்திடுவது எளிது. வாரக்கணக்கில் அதைக் கொட்டிலில் அமைதியாக நிறுத்திவைப்பதே கடினம். கூட்டமாக வாழும் அவ்விலங்கு தனித்து அடைபட்டால் மரச்சட்டத்தைக் கடிக்கும். நின்ற இடத்திலேயே உடலை இருபுறமும் ஆட்டும். ஆறிவரும் காலுக்கு அது கேடு.

அர்த்தசாஸ்திரத்தின் அசுவாத்தியட்சன் பகுதியை (2.30) இக்கண்கொண்டு வாசிக்கலாம். போரிலும் நோயிலும் நலிந்த குதிரைகளுக்கும் அது தீனி விதிக்கிறது; மருத்துவக் குறையால் நோய் முற்றினால் சிகிச்சைச் செலவின் இருமடங்கு தண்டம். இலாயத்தில் குரங்கு, மயில், புள்ளிமான், கீரி, சகோரம், கிளி, நாகணவாய் ஆகியன இருத்தல் வேண்டும் என்றும் கூறுகிறது. ஆனால் காரணம் சொல்வதில்லை.

அரண்மனைக் காவலைப் பேசும் 1.20 ஓரளவு விளக்கம் தருகிறது. மயிலும் கீரியும் மானும் பாம்பைத் தின்னுமாம் (மானுமா என்று கேட்கத் தோன்றும்!), கிளியும் நாகணவாயும் பாம்பு நஞ்சை ஐயுற்றால் கூவும், நஞ்சின் அருகே சகோரத்தின் கண் நிறம் மாறும். குரங்கு மட்டும் அங்கே இல்லை.

பஞ்சதந்திரத்தின் ஐந்தாம் தந்திரத்திலோ, தீப்புண்பட்ட அரசக் குதிரைகளுக்கு மருத்துவர்கள் குரங்குக் கொழுப்பை விதிக்கின்றனர். அவ்வாறாயின் இலாயத்துக் குரங்கு மருந்துக் கையிருப்பா? எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. பட்டியலின் ஏனைய உயிர்கள் யாவும் உயிரோடிருந்தே பயன் தருபவை. குரங்கு, அடைபட்ட குதிரையின் தனிமைக்குத் துணையாக வைக்கப்பட்டிருக்கலாம் என்பதே என் ஊகம்.