பிள்ளை யாருடைய சொத்து?

தேசபக்தி நல்ல குணந்தான். ஆனால் அது முற்றிப்போனால் சர்க்காருக்கே சாமி வந்துவிடும். சாமி வந்த சர்க்கார் முதலில் கைவைக்கிற இடம் பள்ளிக்கூடம். அமெரிக்கச் சரித்திரத்தில் இதற்கு ஓர் அருமையான கதை உண்டு.

1918-இல் முதல் உலக யுத்தம் முடிந்து பீரங்கிகள் ஓய்ந்தன. ஜெர்மன் பாஷையின்மேல் அமெரிக்கர்கள் தொடுத்த யுத்தம் மட்டும் ஓயவில்லை. எட்டாம் வகுப்புத் தேறாத குழந்தைக்கு ஆங்கிலம் தவிர வேறு பாஷை கற்றுக்கொடுப்பது குற்றம் என்று 1919-இல் நெப்ராஸ்கா ராஜ்யத்தில் சட்டம் போட்டார்கள்.

அந்த ராஜ்யத்தில் ஹாம்ப்டன் என்பது சின்னஞ்சிறு ஊர். லூதரன் கோயிலைச் சேர்ந்த பள்ளி ஒன்றில் ராபர்ட் மேயர் உபாத்தியாயராக இருந்தார். 1920 மே 25 அன்று, பகல் இடைவேளையில், பத்து வயதுப் பையன் ஒருவன் அவரிடம் ஜெர்மன் பாஷையில் பைபிள் கதை படித்துக்கொண்டிருந்தான். அப்போது ஜில்லாவின் சர்க்கார் வக்கீல் வாசற்படியில் வந்து நின்றார். சட்டென்று ஆங்கிலத்துக்குத் தாவியிருந்தால் அவர் வந்த வழியே திரும்பியிருப்பார். மேயருக்கு அது தெரியும். ஆனாலும் அவர் தாவவில்லை. ஜெர்மன் பாஷையிலேயே பாடத்தைத் தொடர்ந்தார்.

அபராதம் 25 டாலர். கட்டிவிட்டு வேறு வேலையைப் பார்த்திருக்கலாம். மேயரோ வழக்கை சுப்ரீம் கோர்ட் வரையில் கொண்டுபோனார். 1923 ஜூனில் அவர் பக்கம் தீர்ப்பாயிற்று. கற்பிப்பது உபாத்தியாயரின் உரிமை; தம் குழந்தைக்குக் கற்பிக்க அவரை அமர்த்திக்கொள்வது பெற்றோரின் உரிமை என்றது கோர்ட்.

இந்தத் தீர்ப்பு வருவதற்குள் மேற்குக் கரையிலுள்ள ஆரெகன் ராஜ்யம் ஒரு படி மேலே போய்விட்டது. 8 வயது முதல் 16 வயது வரையில் எல்லாப் பிள்ளைகளும் சர்க்கார் பள்ளியிலேதான் படிக்க வேண்டும். மீறினால் பெற்றோருக்கு அபராதம் அல்லது சிறை. பிள்ளையை அனுப்பாத ஒவ்வொரு நாளும் ஒரு தனிக் குற்றம்! இது சட்டசபை செய்த சட்டமும் அல்ல. 1922 நவம்பர் 7 அன்று ஜனங்களே நேராக ஓட்டுப் போட்டுச் செய்துகொண்டது. ஆதரவு 1,15,506, எதிர்ப்பு 1,03,685.

பணக்காரன் பிள்ளையும் ஏழை பிள்ளையும், எல்லா மதத்தார் பிள்ளைகளும் ஒரே பெஞ்சியில் உட்கார வேண்டாமா என்று கேட்டார்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் இனிமையாகப் பேசியவர்களில் முகமூடி அணிந்த கூ கிளக்ஸ் கிளான் கூட்டத்தாரும் இருந்தார்கள். கத்தோலிக்கப் பள்ளிகளை மூட வேண்டும் என்பதே அவர்கள் ஆசை. சமபந்தி போஜனம் நல்ல காரியந்தான். அதற்காக வீட்டு அடுப்புகளையெல்லாம் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டுத்தான் பந்தி போடுவேன் என்றால்?

சட்டம் 1926 செப்டம்பரில் அமலாக வேண்டியது. அதற்கு முன்பே இரண்டு பேர் கோர்ட்டுக்குப் போனார்கள். ஒருவர், கன்னிகாஸ்திரீகளின் சபையார். மற்றவர், ஹில் ராணுவப் பள்ளிக்கூடத்தார். ஜபமாலையும் துப்பாக்கியும் ஒரே கட்சியில் சேர்ந்துகொண்ட விசித்திர வழக்கு அது! இதில் பெற்றோர் ஒருவர்கூட வாதி இல்லை. பிள்ளைகள் குறைந்து எங்கள் ஸ்தாபனம் பாழாகிறது என்பதுதான் இருவருடைய முறையீடும். ஆனால் 1925 ஜூன் 1 அன்று கிடைத்த ஏகமனதான தீர்ப்பில் பெற்றோரின் உரிமையே பெரிதாக நின்றது. பிள்ளை சர்க்கார் செய்து வைத்த பொம்மை அல்ல; அவனைப் பெற்று வளர்க்கிறவர்களுக்கு அவனை எதிர்காலத்துக்குத் தயார்செய்யும் உரிமையும் உண்டு, கடமையும் உண்டு என்றது கோர்ட். அதே மூச்சில் இன்னொன்றும் ஒப்புக்கொண்டது: ஏதாவது ஒரு பள்ளிக்குப் பிள்ளை போயே ஆக வேண்டும் என்று சொல்லவும், பள்ளிகளைப் பரிசோதிக்கவும் சர்க்காருக்கு அதிகாரம் உண்டு.

இரண்டு தீர்ப்புகளையும் எழுதியவர் ஜட்ஜ் மக்ரேனால்ட்ஸ். இவ்வளவு விசால புத்தியுள்ளவர் எப்பேர்ப்பட்ட உத்தமரோ என்று வாசகர்கள் எண்ணக்கூடும். சக நீதிபதி பிராண்டைஸ் யூதர் என்பதற்காக அவரை வெறுத்து ஒதுக்கிய பேர்வழி அவர். மிஸௌரி ராஜ்யம் கறுப்பு மாணவர் ஒருவருக்குச் சட்டக் கல்லூரிப் படிப்பு அளித்தே தீர வேண்டும் என்று 1938-இல் கோர்ட் சொன்னபோது, அதற்கு மாறாக எழுதியவரும் அவரேதான். உரிமை என்பது நம்மவர்களுக்கு மட்டும் என்ற நினைப்பு படித்த மூளையிலும் குடியிருக்கும்!

அந்த நினைப்பின் முழு ரூபத்தை வர்ஜீனியா ராஜ்யத்தில் பிரின்ஸ் எட்வர்ட் ஜில்லா காட்டியது. வெள்ளைக் குழந்தைகளையும் கறுப்புக் குழந்தைகளையும் சர்க்கார் பள்ளிகளில் பிரித்து வைக்கக் கூடாது என்று 1954-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. ஜில்லா நிர்வாகிகள் யோசித்தார்கள். பள்ளி இருந்தால்தானே சேர்ந்து உட்கார வேண்டும்? 1959-இல் பள்ளிகளுக்கு வரி விதிப்பதையே நிறுத்தி, சர்க்கார் பள்ளிகளையெல்லாம் மூடிவிட்டார்கள். வெள்ளையர் தங்களுக்கென்று தனிப் பள்ளி வைத்துக்கொண்டார்கள். அடுத்த வருஷத்திலிருந்து அதன் சம்பளத்துக்குப் பொதுப் பணத்திலிருந்தே உதவியும் கிடைத்தது. இதற்கு அவர்கள் சூட்டிய பெயர், விரும்பிய பள்ளியைத் தேர்ந்துகொள்ளும் சுதந்திரம்! சுமார் 1,700 கறுப்புக் குழந்தைகளின் பெற்றோருக்குத் தேர்ந்துகொள்ள என்ன இருந்தது? பூட்டிய கதவுதான். சிலர் வெளியூர் உறவினர் வீடுகளுக்குப் பிள்ளைகளை அனுப்பினார்கள். பலருக்கு அதுவும் முடியவில்லை.

ஆரெகனில் பெற்றோரின் உரிமை ஒரு கேடயமாக இருந்தது. வர்ஜீனியாவில் அதே உரிமையின் பெயரைச் சொல்லி அடுத்த வீட்டுப் பிள்ளையின் பலகையைப் பிடுங்கினார்கள். என் பிள்ளை எங்கே படிக்க வேண்டும் என்று நான் சொல்லலாம். உன் பிள்ளை எங்குமே படிக்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஏது பாத்தியதை?

1964 மே மாதம் சுப்ரீம் கோர்ட் மறுபடி குறுக்கிட்டது. செப்டம்பரில் சர்க்கார் பள்ளிகள் திறந்தன. கதவைப் பூட்டியபோது ஏழு வயதாயிருந்த குழந்தைக்கு அப்போது பன்னிரண்டு வயது. எந்தக் கோர்ட்டின் தீர்ப்பாலும் அந்த ஐந்து வருஷங்களைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.