மொனேட்டா: தெய்வமும் வெள்ளிக்காசும்

ஆங்கிலத்தில் பணத்தைக் குறிக்கும் 'மனி' என்னும் சொல் தமிழ் 'மணி'யிலிருந்து பிறந்தது என்று மேடைதோறும் முழங்கப்படுவதற்கு ஒலியொப்புமையைத் தவிர வேறு சான்று இல்லை. அச்சொல் பழம்பிரெஞ்சின் வழியாக இலத்தீன் 'மொனேட்டா'விலிருந்து வந்தது. அவ்வழியில் தேய்ந்து மறைந்த டகரம், அதே மூலத்திலிருந்து வேறு வழியாக ஆங்கிலம் புகுந்து நாணயச்சாலையைக் குறிக்கும் 'மின்ட்' என்னும் சொல்லில் இன்றும் நிற்கிறது. சென்னைத் தங்கசாலைத் தெருவின் ஆங்கிலப் பெயரிலும் அதுவே உள்ளது. மணிக்கு இல்லாத டகரம் மின்டுக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கு மணிவாதிகளிடம் விடையில்லை.

மொனேட்டா என்பது முதலில் காசின் பெயரன்று. உரோமின் கோட்டைக் குன்றில் கி.மு. 344இல் கோயில் கொண்ட யூனோ என்னும் பெண்தெய்வத்தின் அடைமொழி. அக்கோயிலை அடுத்து நாணயச்சாலை அமையவே, அப்பெயர் சாலைக்கும், சாலையில் அடித்த காசுக்கும் இடவாகுபெயராய்ப் படர்ந்தது.

அடைமொழியின் பொருளில்தான் பிணக்கு. நிலநடுக்கத்தின்போது சூற்பன்றியைப் பலியிடுமாறு கோயிலிலிருந்து குரல் எழுந்ததால், 'எச்சரிப்பவள்' எனப் பெயர் வந்தது என்னும் கதையைச் சிசெரோ குறிக்கிறார். அப்பன்றியைத் தவிர வேறு எதைப் பற்றி அவள் எச்சரித்தாள் என்று அதே நூலின் பிற்பகுதியில் எள்ளுபவரும் அவரே. பைரசு மன்னனோடு உரோமர் நடத்திய போரில் பணமுடை தீர யூனோ அறிவுரை கூறினாள் என்னும் மற்றொரு கதை, போருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பிந்திய பைசாந்தியப் பேரகராதியில் உள்ளது; அது கொள்ளத்தக்கதன்று.

'மொனேரே' என்னும் வினையின் அடிப்பொருள் நினைப்பித்தல். எச்சரித்தல் அதன் கிளைப்பொருள். வடமொழியில் மதி, மந்திரம் ஆகியவற்றைத் தந்த வேரே இதற்கும் வேர். நினைவுச்சின்னத்தைக் குறிக்கும் 'மொனுமென்டும்' இதன் கிளை. கிரேக்கரின் நினைவுத்தெய்வமான நெமோசினியை இலத்தீனில் பெயர்த்த லிவியசு அந்திரோனிக்கசு, மொனேட்டா என்றே பெயர்த்தார். ஆட்சியாளர் பெயர்நிரல் எழுதிய துணிநூல்கள் காக்கப்பட்டதும் இக்கோயிலிலேதான்.

நினைப்பித்தல் என்னும் இப்பொருளுக்கே காசுகளும் சான்று பகர்கின்றன. கி.மு. 211 அளவில் பத்து 'ஆசு' என்னும் வெண்கலக்காசுகளுக்கு ஈடாக வெளிவந்து, 'பப்பத்து' என்னும் பொருளுடைய சொல்லடியாகத் 'தெனாரியசு' எனப் பெயர்பெற்ற வெள்ளிக்காசில், தலைக்கவசம் அணிந்த உரோமா என்னும் பெண்தெய்வமும் குதிரையேறிய இரட்டைத் தெய்வங்களும் இருந்தனர். கி.மு. 135இல் மினுசியசு ஆகுரினசு வெளியிட்ட காசிலோ, மலிவு விலையில் தானியம் வழங்கிய முன்னோனுக்கு எடுத்த தூண், உச்சியில் சிலையோடு நிற்கிறது. அதன் பின்னர்க் காசடிக்கும் அலுவலர் பலர் தம் குடிப்பெருமையை வெள்ளியில் பொறிக்கலாயினர். கி.மு. 46இல் கரிசியசு வெளியிட்ட காசில் ஒருபுறம் பெயரோடு மொனேட்டாவின் தலையும், மறுபுறம் அச்சு, குறடு, சுத்தியல் ஆகிய கருவிகளும் உள்ளன.

எச்சரிக்கும் தெய்வத்துக்குக் காசடிக்கும் சாலையில் வேலை எதுவும் இல்லை. முன்னோரின் பெயரையும் செயலையும் மறவாமல் வைக்கும் தெய்வத்துக்கோ அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. ஆதலின் மொனேட்டா நினைப்பிப்பவளே என்பது துணிபு.