எழுத்தும் படமும்

பிற மாநிலங்களில் வாழும் நமக்குக் கடைவீதியின் எழுத்துகள் பெரும்பாலும் அயல்மொழி எழுத்துகளே. கடையின் பெயர் விளங்காவிட்டால் இழப்பொன்றுமில்லை. 'இது நஞ்சு' என்று எழுதியிருப்பது விளங்காவிட்டால்? மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு, புகையிலை எச்சரிக்கையின் வரலாற்றைப் படிக்குந்தோறும் இக்கேள்வியே எழுகிறது.

1964-இல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர், புகைபிடித்தலே ஆடவருக்கு நுரையீரற் புற்றுநோய் உண்டாக்குகிறது என்று அறிக்கை வெளியிட்டார். 1966 முதல் அந்நாட்டுச் சிகரெட்டுப் பெட்டிகள் எச்சரிக்கையைத் தாங்கின. நம் நாடாளுமன்றம் 1975-இல் சட்டம் இயற்றி, சிகரெட் உடல்நலத்திற்குத் தீங்கு என்னும் வாசகத்தைப் பெட்டியில் அச்சிடச் செய்தது. ஆனால் அச்சட்டம் சிகரெட்டுக்கு மட்டுமே உரியது. உழைப்பாளிகள் மிகுதியாக நாடும் பீடி அதன் எல்லைக்கு அப்பால் நின்றது.

2003-ஆம் ஆண்டுச் சட்டம் பீடி, மெல்லும் புகையிலை அனைத்தையும் தழுவியது. பெட்டியில் எம்மொழி உண்டோ அம்மொழியில் எச்சரிக்கையும் இருத்தல் வேண்டும் என்றது. நேர்மையான விதிதான், ஆயினும் பெட்டியின் மொழி ஒன்று, வாங்குவோன் மொழி மற்றொன்று என்றால் அவ்விதி என் செய்யும்? எழுத்தறியாதவனுக்கோ எம்மொழியும் ஒன்றே. ஆகவே 2009 மே 31 முதல் எழுத்துடன் படமும் சேர்ந்தது.

படத்திற்கும் பொருள் விளங்க வேண்டுமன்றோ? மெல்லும் புகையிலை உறைகளில் முதலில் தேளின் உருவத்தைப் பொறித்தார்கள். புகையிலைக்கும் தேளுக்கும் என்ன தொடர்பென்று பலர் மயங்கினர். மூலத்தினும் கடினமான மொழிபெயர்ப்பைப் போன்றது அது! 2011 டிசம்பரில் தேள் மறைந்தது. புற்றுநோயால் சிதைந்த வாயின் படம் வந்தது. அதற்கு உரையாசிரியர் தேவைப்படவில்லை. 2016 ஏப்ரல் முதல் எச்சரிக்கை உறையின் இரு முகங்களிலும் நூற்றுக்கு 85 பங்கு இடத்தைப் பெற்றது.

மக்கள் இதனை எவ்வாறு ஏற்றனர்? எச்சரிக்கையைக் கண்டு புகையை விட்டுவிட எண்ணியோர், 2009-10 நாடளாவிய ஆய்வில், சிகரெட் பிடிப்போரில் நூற்றுக்கு 38 பேர். பீடி பிடிப்போரில் 29 பேர். 2016-17 ஆய்வில் இத்தொகைகள் முறையே 62, 54 என உயர்ந்தன. எண்ணுவது வேறு, விடுவது வேறு. படம் ஒன்றே காரணமென்றும் கூறிவிட இயலாது. எனினும் கண்ணுக்கு எட்டியது கருத்துக்கும் எட்டியது என்பதில் ஐயமில்லை.

ஒரு குறை எஞ்சியுள்ளது. ஒன்றிரண்டு சிகரெட்டுகளைச் சில்லறையாக வாங்குவோன் பெட்டியைப் பார்ப்பதே இல்லை. எழுத்தும் படமும் கடைக்காரரிடமே தங்கிவிடுகின்றன. அத்தகைய நண்பர் உங்கள் அறையிலோ தொழிற்சாலையிலோ இருப்பின், அந்தப் பெட்டியை ஒருமுறை அவர் கையில் கொடுங்கள். அதில் எழுதியிருப்பதை நம் மொழியிலே எடுத்துச் சொல்லுங்கள்.